மேல்காற்றுக்கு ஒரு சல்லடை

வயலுக்குக் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கத்தில், காற்றுக்குக் குறுக்காக, நெருக்கி நடப்படும் மரங்களைக் காற்றுத்தடுப்பு மரவரிசை என்கிறோம். மேல்மண் பறக்காமல் காப்பது அதன் முதல் வேலை. பயிர் ஒடியாமலும் ஈரம் வற்றாமலும் பார்த்துக்கொள்வது அதோடு சேர்ந்து கிடைக்கும் லாபம். தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில், குறிப்பாக மேற்கு மலையை ஒட்டிய கோம்பை, பண்ணைப்புரம், தேவாரம் பக்கத்து நிலங்களில், இந்த மூன்று தேவையும் ஒன்றாகவே இருக்கிறது.

தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடந்து தமிழ்நாட்டுக்குள் வேகமாக நுழையும் வழிகள் நான்கு என்று காற்றாலைத் துறையினர் கணக்குச் சொல்வார்கள். பாலக்காடு, ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, கம்பம் என்பவை அவை. இவற்றில் கம்பத்தின் அமைப்பு தனி. மேற்கே ஏலமலை, கிழக்கே வருசநாட்டு மலை. நடுவே பள்ளத்தாக்கு தென்மேற்கில் லோயர்கேம்ப், கூடலூர் பக்கம் குறுகலாகத் தொடங்கி, வடகிழக்கில் தேனியை நோக்கி விரிந்துகொண்டே போகிறது. காற்று வரும் திசையும் பள்ளத்தாக்கு கிடக்கும் திசையும் ஒன்றே என்பதால், காற்றுக்கென்று வெட்டிவிட்ட வாய்க்கால் போல ஆகிவிட்டது இந்த நிலம். கண்டமனூர், ஆண்டிபட்டி பக்கம் காற்றாலைகள் வரிசை கட்டி நிற்பதற்குக் காரணமும் இந்தக் காற்றுதான்.

காற்றாலைக்காரருக்கு வரமாக இருப்பது மானாவாரி விவசாயிக்கு அப்படி இல்லை. மழையைக் கேரளப் பக்கமே இறக்கிவிட்டு, இந்தப் பக்கம் இறங்கும்போது வறண்டு வருகிற காற்று இது. வைகாசிக் கடைசியில் எழுந்து ஆவணி வரை ஓயாமல் வீசும். மேற்கிலிருந்து வருவதால் மேல்காற்று. ஆடியில் உச்சம் தொடுவதால் ஆடிக்காற்று. அம்மியே பறக்கும் என்று பழமொழி சொல்கிற அதே மாதத்தில்தான் ஆடிப்பட்டத்துக்காக நிலத்தை உழுது போட்டிருப்பார்கள். ஆற்றுப் பாசனமுள்ள வயலில் அந்த நேரத்தில் நெல் நாற்றோ தண்ணீரோ மண்ணை மூடியிருக்கும். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் தரையோடு பாயும் நிலத்துக்கு அந்தக் காப்பு உண்டு. மலையடிவாரத்து மேட்டு நிலத்துக்கு அது கிடையாது. பண்ணைப்புரத்தைத் தொட்டுப் போகும் 18-ஆம் கால்வாயில் தண்ணீர் வரும் நாட்கள் கொஞ்சம். மற்ற நாட்களில் கிணறும் வானமும்தான். ஆக, காற்று மிக வேகமாக இருக்கும் காலமும் மண் மிக வெறுமையாக இருக்கும் காலமும் ஒன்றாக வந்து சேர்கின்றன.

காற்று மண்ணை எப்படி எடுக்கிறது என்பதைக் களத்துமேட்டில் தானியம் தூற்றுவதைப் பார்த்தவருக்கு விளக்க வேண்டியதில்லை. முறத்தை உயர்த்திச் சரித்தால் கனமான மணி காலடியில் விழும், பதர் தள்ளிப் போய் விழும், தூசி கண்ணுக்கு எட்டாத தூரம் போகும். உழுத நிலத்திலும் காற்று இப்படித்தான் தரம் பிரிக்கிறது. வேறுபாடு ஒன்றே ஒன்று: களத்தில் வேண்டாதது போகிறது, நிலத்தில் வேண்டியது போகிறது. எடை குறைந்த மட்கும், உரச்சத்தைப் பிடித்துவைக்கும் நுண்களியும் முதலில் கிளம்புகின்றன. தங்குவது பருமணல்.

இதில் மூன்று விதமான நகர்வு உண்டு. மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான துகள்கள் எழும்பிவிட்டால் எளிதில் இறங்குவதில்லை. ஊர் தாண்டிப் போகும். அரை மில்லிமீட்டருக்கு மேற்பட்ட மணல் காற்றோடு எழும்பாது, தரையிலேயே உருளும். இடைப்பட்ட அளவுள்ளவைதான் பெரிய வேலைக்காரர்கள். அவை துள்ளித் துள்ளிப் போகின்றன. ஒரு துகள் எழும்பி, சற்றுத் தள்ளி விழுந்து, விழுந்த இடத்தில் இன்னும் சிலவற்றைத் தட்டி எழுப்பிவிடும். காற்றால் நகரும் மண்ணில் பாதிக்கு மேல் இந்தத் துள்ளலில்தான் நகர்கிறது. அதுவும் பெரும்பாலும் தரையிலிருந்து ஓரடி உயரத்துக்குள்ளேயே. அந்த ஓரடி உயரத்தில் காற்று மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டரைத் தொட்டால், காய்ந்து உதிர்ந்த மண் கிளம்பத் தொடங்கிவிடும். இங்கிலாந்துப் பொறியாளர் ரால்ஃப் பாக்னோல்ட் எகிப்து, லிபியப் பாலைவனங்களில் அலைந்து திரிந்து, பிறகு காற்றுச் சுரங்கத்தில் சோதித்து, 1941-இல் வெளியிட்ட நூல்தான் இந்தத் துள்ளல் கணக்குக்கு இன்றும் அடிப்படை.

பறிபோவது கண்ணுக்குத் தெரியாத அளவு என்பதுதான் இதில் ஏமாற்று. ஓர் ஏக்கர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் மண் போவதென்றால், அற்பமாகத்தான் தோன்றும். ஆனால் பரப்பால் பெருக்கினால் நான்கு கனமீட்டர் மண். எடையில் 5 டன்னுக்கு மேல். அத்தனையும் சலித்தெடுத்த மேல்மண். அதையே எருவாக வாங்கி வண்டியில் கொண்டுவந்து கொட்ட வேண்டுமென்றால் கணக்கு வேறு மாதிரி இருக்கும்.

அடையாளங்களை நிலத்திலேயே பார்க்கலாம். ஆடி கழிந்த பிறகு ஒரு செவல்காட்டின் கிழக்கு வரப்பில் மண் சரிவாக ஏறியிருக்கும். வரப்போரத்து எருக்கஞ்செடியின் அடியில், காற்று போகும் பக்கமாக, எலி வாலைப் போல ஒரு மணல் கோடு நீண்டு கிடக்கும். அதை அள்ளிக் கையில் நெருடினால் பிசுபிசுப்பு இருக்காது, நொறநொறவென்று உதிரும். முளைத்துப் பத்து நாளான நிலக்கடலையையோ தக்காளி நாற்றையோ குனிந்து பார்த்தால், தண்டின் மேற்குப் பக்கம் மட்டும் உப்புத்தாள் தேய்த்ததைப் போலப் பழுப்பேறி இருக்கும். துள்ளி வரும் மணல் அடித்த அடி அது. வேரில் நோய் என்று மருந்துக் கடைக்கு ஓடுபவர்கள் உண்டு.

காற்று இந்த வேலையைத் தொடர்ந்து செய்தால் நிலம் என்னவாகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. தூத்துக்குடி மாவட்டத்தில் திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கத்துத் தேரிகள் காற்று குவித்த செம்மணல் மேடுகள். குதிரைமொழித் தேரி அவற்றில் பேர்போனது. பனையும் முந்திரியும் வனத்துறை வைத்த மரங்களும் பல இடங்களில் அந்த மணலைக் கட்டிப்போட்டிருக்கின்றன. ராஜஸ்தானில் மணல்மேடுகளை மரம் வைத்து நிறுத்துவதற்கென்றே 1952-இல் ஜோத்பூரில் ஒரு நிலையம் தொடங்கப்பட்டு, 1959-இல் அது மத்திய வறண்ட மண்டல ஆராய்ச்சி நிறுவனமாக வளர்ந்தது. உலகம் அதிகம் பேசுவது அமெரிக்கக் கதையை. அங்கே நடுச் சமவெளிகளின் புல்வெளியை உழுது கோதுமை போட்டார்கள். 1930-களில் வறட்சி வந்தபோது மேல்மண் கருமேகமாக எழுந்து பல மாநிலங்களை மூடியது. ரூஸ்வெல்ட் அரசு 1942 வரை ஏறத்தாழ 22 கோடி மரங்களை, சேர்த்துவைத்தால் 30,000 கிலோமீட்டர் நீளம் வரக்கூடிய வரிசைகளாக, விவசாயிகளின் நிலங்களில் வைத்தது.

மரவரிசை காற்றை என்ன செய்கிறது என்பதில் பலருக்கும் ஒரு தவறான எண்ணம் உண்டு. சுவர் போல எவ்வளவு அடர்த்தியாக நிற்கிறதோ அவ்வளவு நல்லது என்று நினைப்பார்கள். காற்று சுவரில் முட்டினால் நின்றுவிடாது. மேலே ஏறித் தாண்டி, மறுபக்கம் சுழன்று குப்புற விழும். மதில் சுவருக்குப் பின்னால் சருகுகள் வட்டமடித்துச் சுற்றுவது இதனால்தான். பயிருக்கு நேர்க்காற்றைவிட அந்தச் சுழற்காற்று மோசம். நல்ல மரவரிசை சல்லடை மாதிரி. வரும் காற்றில் பாதியை ஊடே விட வேண்டும். மொத்தப் பரப்பில் 40 முதல் 50 விழுக்காடு இடைவெளியாக இருப்பது சரியான அளவு. ஊடே நுழைந்து தளர்ந்த காற்று மெத்தை போலக் கீழே பரவி நிற்க, மேலே தாண்டிய காற்று சட்டென்று தரைக்கு இறங்க முடியாமல் வெகுதூரம் தள்ளிப் போய்த்தான் இறங்கும்.

எவ்வளவு தூரம் என்பதை மரத்தின் உயரத்தை முழமாக வைத்து அளப்பார்கள். மரத்தின் பின்புறம், உயரத்தைப் போலப் பத்து முதல் பதினைந்து மடங்கு தூரம் வரை நல்ல காப்பு. முன்புறத்திலும் இரண்டு மூன்று மடங்கு தூரத்துக்குக் காற்று தயங்கும். 8 மீட்டர் உயர மரம் தன் பின்னால் 80 மீட்டருக்குக் குறையாமல் காக்கும். ஓர் ஏக்கரைச் சதுரமாகப் போட்டால் ஒரு பக்கம் 63 மீட்டர் சொச்சம். அதாவது மேற்கு வரப்பில் ஒழுங்காக வைத்த ஒரு மரவரிசையின் காப்பு ஓர் ஏக்கரின் மறுகரை வரை எட்டிவிடும். சிறு விவசாயிக்குக் கட்டுப்படியாகிற கணக்கு இது.

வேகம் கொஞ்சம் குறைந்தாலே பலன் பெரிது என்பதற்கும் கணக்கு உண்டு. காற்றின் மண் அள்ளும் வலு அதன் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தைச் சார்ந்தது. வேகம் பாதியானால் வலு எட்டில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். எனவே காற்றை அடியோடு நிறுத்த வேண்டியதே இல்லை, தளர்த்தினால் போதும். தளர்ந்த காற்றில் இலைகளின் வழியே தண்ணீர் ஆவியாவதும் குறையும். போர்வெல் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுகிற தோட்டத்துக்கு இது சும்மா விடக்கூடிய விஷயம் அல்ல.

எந்த மரம் என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டில் முதல் பதில் சவுக்கு. நாம் சவுக்கு இலை என்று நினைக்கும் ஊசிகள் உண்மையில் இலைகளே அல்ல, மெல்லிய பச்சைக் கிளைகள். இலைகள் அவற்றின் கணுக்களில் பற்களைப் போலச் சிறுத்துக் கிடக்கின்றன. காற்று இந்த ஊசிகளை இழைத்துக்கொண்டு போகும்போதுதான் சவுக்குத் தோப்பில் கடல் இரைவது போன்ற ஓசை எழுகிறது. இயற்கையே செய்துவைத்த சல்லடை. வேர்முடிச்சுகளில் வாழும் ஃபிராங்கியா என்ற நுண்ணுயிரின் துணையால் காற்றிலுள்ள தழைச்சத்தையும் மண்ணில் சேர்க்கும். தண்ணீர் கிடைத்தால் மூன்று ஆண்டுகளில் 8 மீட்டரைத் தாண்டிவிடும். கோயம்புத்தூரிலுள்ள வன மரபியல் மற்றும் மரப்பெருக்க நிறுவனம் காற்றுத்தடுப்புக்கு ஏற்ற சவுக்குக் குளோன்களையே தேர்ந்தெடுத்து விவசாயிகளுக்குக் கொடுத்திருக்கிறது. காகிதக் கூழுக்கு வேண்டிய சவுக்குக்குத் தண்டு நேராகவும் கிளை குறைவாகவும் இருக்க வேண்டும். காற்றைத் தடுக்க வேண்டிய சவுக்குக்கு அடியிலிருந்தே கிளை அடர்ந்து, உதிராமல் நிற்க வேண்டும். ஒன்றுக்கான நாற்றை வாங்கி மற்றதற்கு வைத்தால் பாதி வேலைதான் நடக்கும்.

அந்த அடிக்கிளை விஷயம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது. மரம் வளர வளரக் கீழே உள்ள கிளைகள் காய்ந்து உதிரும். வெறும் தண்டுகளாக நிற்கும் வரிசையின் அடியில் காற்று நெருங்கிப் புகுந்து, முன்பைவிட வேகமாக ஓடும். மண் துள்ளுவது ஓரடி உயரத்துக்குள் என்பதை நினைத்தால் இதன் கேடு புரியும். வரப்பில் தென்னை வைத்துவிட்டுக் காற்றுக்குத் தடுப்பு வைத்தாயிற்று என்று நிம்மதியாக இருப்பதிலுள்ள பிழையும் இதுதான். தென்னை நிழலுக்கும் காய்க்கும் ஆகும், மேல்காற்றுக்கு ஆகாது. அதனால்தான் உயரமான மரத்தோடு குட்டையான ஒன்றைக் கூட்டுச் சேர்க்க வேண்டும் என்கிறார்கள். கிளைரிசிடியா, நொச்சி, ஆடாதோடை ஆகியவை கீழ்மறைப்புக்கு நல்லவை. பின்சொன்ன இரண்டையும் ஆடு கடிக்காது.

கம்பம் பள்ளத்தாக்குக்கு இந்தக் கூட்டு புதிதல்ல. சின்னமனூர்ப் பக்கத்து வெற்றிலைக் கொடிக்காலுக்குள் நுழைந்து பார்த்தால், கொடி ஏறுவதற்கு அகத்தி. அந்த அகத்தியே நிழலும் தரும், காற்றையும் முறிக்கும். வெற்றிலை போன்ற மென்மையான பயிரை இவ்வளவு காற்றுள்ள ஊரில் தலைமுறைகளாக வளர்க்க முடிந்தது அந்தப் பச்சைக் கூட்டுக்குள்தான். அகத்திக்குக் குறை இரண்டு: ஆயுள் குறைவு, தண்டு மெது. ஆனால் ஆறேழு மாதத்தில் ஆளுயரத்தைத் தாண்டும். சவுக்கு தலை எடுக்கும்வரை முதல் ஆடியைச் சமாளிக்க அகத்தியை முன்வரிசையில் போடுவது புத்திசாலித்தனம். கீரையும் தீவனமும் மேல்வரும்படி.

காற்றுத்தடுப்பின் பலன் சட்டென்று கண்ணில் படுவது வாழையில். வாழைக்குத் தண்டு என்று நாம் சொல்வது, ஒன்றன்மேல் ஒன்று சுற்றிய இலையுறைகளின் கட்டு. உள்ளே கட்டை கிடையாது. வேரும் ஆழம் போகாது. தலையில் தார் ஏறிய பிறகு, ஒரு பக்கமாகக் கனத்துத் தொங்கும் சுமையோடு நிற்கிற செடி அது. கம்பம், சின்னமனூர் வட்டாரத்தில் ஜி-9, செவ்வாழை, நாழிப்பூவன் என்று ஏராளமாகப் போடுகிறார்கள். மேல்காற்றில் இலைகள் நார் நாராகக் கிழிவது வழக்கம். கொஞ்சம் கிழிந்தால் வாழை தாங்கிக்கொள்ளும். நரம்புவரை கந்தலாகிவிட்டால் தார் சிறுத்துப்போகும், காய் திரளாது. ஒடிந்து விழுவதைத் தடுக்க மரத்துக்கு ஒன்றாகக் கழி வாங்கி முட்டுக் கொடுக்கிறார்கள், அல்லது கயிற்றால் ஒன்றோடொன்று இழுத்துக் கட்டுகிறார்கள். ஏக்கருக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட வாழை என்றால் ஆயிரத்துக்கு மேற்பட்ட கழி. முட்டு தண்டைத் தாங்கும், இலையைக் காக்காது. மரவரிசை இலையையும் சேர்த்துக் காக்கும். கூடலூர், காமயகவுண்டன்பட்டிப் பக்கத்துப் பன்னீர் திராட்சைக்கும், 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பயிருக்கும், பந்தலில் இளந்தளிர் விடும்போது வீசும் பலத்த காற்று ஆகாது.

நடுவதில் முதல் காரியம் திசை பார்ப்பது. பருவக்காற்று பொதுவாகத் தென்மேற்கு என்றாலும் மலையடிவாரத்தில் ஒவ்வொரு பள்ளமும் காற்றை ஒவ்வொரு விதமாகத் திருப்பிவிடும். ஆடியில் வயலின் நான்கு மூலையிலும் குச்சி நட்டுத் துணிக்கீற்றைக் கட்டி ஒரு வாரம் கவனித்தால் தெரிந்துவிடும். எப்படியும் பண்ணைப்புரப் பக்கத்தில் மேற்கு வரப்பே பெரும்பாலும் காவல் வரப்பாக அமையும். அதில் ஒரு வசதியும் உண்டு. வடக்குத் தெற்காக ஓடும் வரிசையின் நிழல் காலையில் ஒரு பக்கமும் மாலையில் மறுபக்கமுமாக நகர்ந்துகொண்டே இருக்கும். நாள் முழுதும் நிழலில் கிடக்கும் பாத்தி என்று ஒன்று இருக்காது.

நடவுக்குக் காலம் ஐப்பசி, கார்த்திகை. வடகிழக்குப் பருவமழையில் வேர் பிடித்து, அடுத்த மேல்காற்று வருவதற்குள் ஏழெட்டு மாதம் கிடைக்கும். ஆடிப்பட்டத்தோடு சேர்த்து மரக்கன்றையும் வைத்தால் காற்றுத்தடுப்பையே காற்று சாய்த்துவிடும். சவுக்கை மீட்டருக்கு ஒன்றாக, இரண்டு வரிசை, முதல் வரிசையின் இடைவெளிக்கு நேராக இரண்டாம் வரிசைக் கன்று வருமாறு மாற்றி மாற்றி வைப்பது வழக்கம். ஓர் ஏக்கரின் மேற்கு வரப்புக்கு 130 கன்று ஆகும். கன்றுக்குக் குச்சி கட்டினால் இறுக்கக் கூடாது. கொஞ்சம் ஆடி வளரும் கன்றுக்குத்தான் அடித்தண்டு பருக்கும். வரிசையில் ஒரு கன்று பட்டுப்போனால் அந்த வாரமே மாற்று வைக்க வேண்டும். நடுவில் விழும் ஓட்டை, வாசல்படிச் சந்து போலக் காற்றைக் குவித்துப் பின்னால் இருக்கும் பயிரைத் தனியாக அடிக்கும். டிராக்டர் போக வழி விட வேண்டுமானால் அதைக் காற்றுக்கு நேராக விடாமல் கோணலாக விடுவார்கள். வரிசையின் இரு முனைகளிலும் காற்று வளைந்து உள்ளே புகும் என்பதால், நீளம் மரத்தின் உயரத்தைப் போலப் பத்து மடங்காவது இருக்க வேண்டும். அரை ஏக்கர், ஓர் ஏக்கர்க்காரரால் தனியாக அது முடியாது. பக்கத்து நிலத்து வரிசையோடு தன் வரிசையைச் சேர்த்துவிட்டால் இருவருக்கும் ஆதாயம். 2021-22 முதல் தமிழக அரசு நீடித்த பசுமைப் போர்வை இயக்கத்தின் கீழ் வேளாண்மைத் துறை வழியாக விவசாயிகளுக்கு மரக்கன்றுகளை இலவசமாகக் கொடுத்துவருகிறது. உழவன் செயலியில் பதிந்து கேட்கலாம்.

இனி இதிலுள்ள இழப்பு. மரத்தை ஒட்டிய நான்கைந்து மீட்டர் அகலத்துக்குப் பயிர் மெலியும். வேர் தண்ணீரையும் சத்தையும் பங்கு கேட்கும். வரிசைக்கும் பயிருக்கும் இடையில் இரண்டு மூன்றடி ஆழத்துக்குப் பள்ளம் வெட்டி வேரை அறுத்துவிட்டால் இது பெருமளவு அடங்கும். அந்தப் பள்ளமே மழைநீரையும் பிடிக்கும். ஆண்டுக்கு ஒரு முறை பள்ளத்தைத் தூர்வார வேண்டும் என்பதை மட்டும் பலர் மறந்துவிடுகிறார்கள். ஓரத்தில் கொஞ்சம் போனாலும் நடுவயலின் கூடுதல் விளைச்சல் அதை ஈடுகட்டிவிடும். ஆனால் மேற்கே இருக்கிற பக்கத்து நிலத்துக்காரருக்கு அந்தக் கூடுதல் அவ்வளவாகக் கிடைக்காது. அவருக்குக் கிடைப்பது காலை நிழலும் வேரும்தான். வரப்பு மரத்தால் வரும் பங்காளிச் சண்டைகள் வேண்டாம் என்றால் வரப்பிலிருந்து ஒரு மீட்டராவது உள்ளே தள்ளி வைப்பதும், முன்கூட்டியே பேசிக்கொள்வதும் நல்லது. ஒரே இன மரத்தை ஊர் முழுக்க வைப்பதிலும் ஆபத்து உண்டு. 1978-இல் வடசீனாவில் தொடங்கிய பிரம்மாண்டமான மரவரிசைத் திட்டத்தில் வைத்த பாப்லர் மரங்கள், தண்டு துளைக்கும் வண்டால் கூட்டம் கூட்டமாகச் செத்தன. சவுக்கோடு நடுநடுவே வேம்பு, புங்கன், மலைவேம்பு கலப்பது அந்த வகையில் காப்பு.

மரவரிசையால் முடியாததையும் சொல்ல வேண்டும். சித்திரை, வைகாசியில் இடியோடு வரும் கோடைமழைக்கு முன் சூறைக்காற்று ஒன்று எழும். திசை கிடையாது, அரை மணி நேரத்தில் ஒரு தோட்டத்தைப் படுக்கவைத்துவிட்டுப் போய்விடும். பள்ளத்தாக்கில் வாழை பெருமளவில் சாய்வது பல ஆண்டுகளில் இந்தச் சூறையில்தான். மேற்கு வரப்பு மரம் அதை ஓரளவு மட்டுமே தாங்கும். மரவரிசையின் களம், திசை மாறாமல் மூன்று மாதம் வீசும் மேல்காற்று. அங்கும் மரத்தை வைத்துவிட்டு, ரோட்டவேட்டரை இரண்டு மூன்று முறை விட்டு மண்ணை மாவாக்கிப் போட்டால் பாதிப் பலன் வீண். கட்டி கட்டியாகக் கிடக்கும் கோடை உழவும், அறுத்த தாளை அப்படியே விட்டுவைப்பதும் மரத்துக்குத் துணைநிற்கும்.

நான்காம் ஐந்தாம் ஆண்டில் சவுக்கு விலைக்கு வந்துவிடும். அப்போது இரண்டு வரிசையையும் ஒரே நாளில் வெட்டி விற்றால், அந்த வருட ஆடியில் நிலம் பழையபடி வெட்டவெளியாகிவிடும். அதனால் ஐப்பசியில் ஒரு வரிசையை மட்டும் எடுத்து, அதே இடத்தில் புதுக்கன்று வைத்து, அது தலைக்கு மேல் போன பிறகு இன்னொரு வரிசையைத் தொடுவார்கள். பருத்த தண்டைக் காகித ஆலைக்கோ சாரக்காரருக்கோ விற்கலாம். மெலிந்தவற்றைக் கிளை கழித்து வாசலிலேயே அடுக்கிவைத்தால், தார் இறங்கும் பருவத்தில் அதே தோட்டத்து வாழைக்கு முட்டுக் கழி வாங்கும் செலவு மிச்சம்.